ஒரு கட்டத்துக்கு இரண்டே நிறம்

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி முழுக்க உட்கார்ந்து, தென்னை மரம் ஏறும் ஒரு பையனை இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற எண்பதுகளின் கம்ப்யூட்டருக்காக, சின்ன விளையாட்டாக, அசெம்பிளி என்ற நிரல்மொழியில் எழுதி முடித்தேன். நிஜ ஸ்பெக்ட்ரம் என்னிடம் இல்லை, இன்றைய கம்ப்யூட்டரில் அதைப் போலவே நடிக்கும் எமுலேட்டர்தான். கறுப்புப் பின்னணி, வெள்ளைப் பையன், மஞ்சள் மரம். அந்த மெஷினில் பழுப்பு நிறமே கிடையாது, அதனால் மரத்துக்கு மஞ்சள். காலையில் மகளைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினேன். பையன் தரையில் நடக்கிறவரை ஒரு குறையும் இல்லை. மரத்தைத் தொட்டானோ இல்லையோ, கையும் வயிறும் மஞ்சளாகிவிட்டன, தலை மட்டும் வெள்ளையாக நின்றது. ஒரு அடி மேலே ஏறினால் தலையும் மஞ்சள்.

"ஏம்ப்பா, இவனுக்குக் காமாலையா?" என்று கேட்டாள்.

இந்தக் காமாலைக்கு எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள், அட்ரிப்யூட் கிளாஷ் என்று. ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளின் பழைய படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும், ஒரு உருவம் இன்னொன்றைக் கடக்கும்போது சதுரம் சதுரமாக நிறம் ஒட்டிக்கொள்ளும். எனக்கும் படித்துத் தெரியும்தான். ஆனால் நாமே எழுதிய பையனுக்கு அது வரும்போதுதான் ஏன் இப்படிச் செய்தார்கள் என்று உட்கார்ந்து கணக்குப் போடத் தோன்றுகிறது. போட்டுப் பார்த்தேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஸ்பெக்ட்ரம் 1982 ஏப்ரலில் இங்கிலாந்தில் வந்தது. கேம்பிரிட்ஜில் இருந்த சின்க்ளேர் ரிசர்ச் தயாரிப்பு. 16 கேபி ராம் உள்ளது 125 பவுண்டு, 48 கேபி உள்ளது 175 பவுண்டு. சர் கிளைவ் சின்க்ளேருக்கு விலைதான் எல்லாம், சாதாரணக் குடும்பம் கடைக்குப் போய் வாங்கிவரும் விலையில் கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். திரைக்கு வீட்டு டிவி, சேமிப்புக்கு வீட்டு டேப் ரெக்கார்டர். மிச்சம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள ஒரு இசட்80 பிராசஸர், 3.5 மெகாஹெர்ட்ஸ், அதற்குத் துணையாக ஃபெராண்டி நிறுவனத்தின் யூஎல்ஏ என்ற ஒரே ஒரு சிப். படம் வரைவது, கீபோர்டைப் பார்ப்பது, டேப்பைப் படிப்பது, ஸ்பீக்கரை அசைப்பது எல்லாம் அந்த ஒரே சிப்பின் தலையில்.

இப்போது கணக்கு. திரை 256க்கு 192 பிக்சல், மொத்தம் 49,152 பிக்சல். ஒவ்வொரு பிக்சலுக்கும் 16 நிறத்தில் ஒன்றைக் கொடுக்க வேண்டுமென்றால் பிக்சலுக்கு 4 பிட், ஆக 24,576 பைட். 16 கேபி மெஷினில் மொத்த ராமே 16,384 பைட்தான்! படத்துக்கே இடம் இல்லை, அப்புறம் விளையாட்டை எங்கே வைப்பது? அதனால் பிக்சலுக்கு ஒரு பிட் மட்டும், புள்ளி உண்டு அல்லது இல்லை. அது 6,144 பைட். நிறத்துக்குத் தனியாக, திரையை எட்டுக்கு எட்டுச் சதுரங்களாக வெட்டி (குறுக்கே 32, நெடுக்கே 24), சதுரத்துக்கு ஒரு பைட், மொத்தம் 768 பைட். அந்த ஒரு பைட்டுக்குள் புள்ளியின் நிறத்துக்கு 3 பிட், பின்னணி நிறத்துக்கு 3 பிட், பளிச்சென்று தெரிய 1 பிட், மின்னி மின்னி அணைய 1 பிட். எட்டு பிட்டும் தீர்ந்தது. ஆக 6,912 பைட்டில் வண்ணத் திரை. 24,576 எங்கே, 6,912 எங்கே.

கைலியில் கட்டம் போட்ட மாதிரிதான். ஒரு கட்டத்துக்குள் இரண்டே நிறம், மூன்றாவது நிறம் உள்ளே வந்தால் யாராவது ஒருவர் நிறம் மாறியே ஆக வேண்டும். ஒருவரும் ஒருவரையும் தொடாத, அசையாத படத்துக்கு இது அற்புதமான சிக்கனம். எழுத்துகளுக்கும் பட்டியல்களுக்கும் கணக்குப் பாடங்களுக்கும் போதும். ஆனால் வீட்டுக்கு வந்த பெட்டியில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்பதுதான் தெரியுமே.

நிறத்தை விடுங்கள், அசைவதே பெரிய பாடு. ஸ்பெக்ட்ரத்தில் ஸ்ப்ரைட் என்ற வசதி, அதாவது பின்னணியைத் தொடாமல் தனியாக நகரும் உருவம், ஹார்டுவேரில் கிடையாது, திரையை நகர்த்தும் வசதியும் கிடையாது. ஒரு பையன் நகர வேண்டுமென்றால் பழைய இடத்தில் அவனை அழித்து, அவனுக்குப் பின்னால் இருந்ததைத் திரும்ப வரைந்து, புதிய இடத்தில் அவனை வரைய வேண்டும், எல்லாம் பிராசஸரே. அதுவும் ஒரு பைட்டில் எட்டு பிக்சல் இருப்பதால், பையன் ஒரு பிக்சல் வலப்பக்கம் போனால் அவனுடைய அத்தனை பைட்டையும் ஒரு பிட் தள்ள வேண்டும். 16க்கு 16 பிக்சல் உருவம் நேராக உட்கார்ந்தால் நாலு கட்டம், கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தால் ஒன்பது கட்டத்தைத் தொடுகிறது. ஓடும்போதே பிட்டுகளைத் தள்ள நேரம் இல்லாததால் எட்டு நிலைக்கும் எட்டு படத்தை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான் செய்தேன், பின்னணியை மறைக்கும் மாஸ்க்கோடு சேர்த்து ஒரு படத்துக்கு 768 பைட், கால் மாற்றி மாற்றி ஏற நாலு படம், 3,072 பைட். ஒரு பையன் மரம் ஏற மூன்று கேபி. இடத்தைக் கொடுத்து நேரத்தை வாங்குவது, நேரத்தைக் கொடுத்து இடத்தை வாங்குவது, இந்தப் பேரம்தான் ராத்திரி முழுக்க நடந்தது.

நேரம் என்றால் எவ்வளவு நேரம்? டிவி விநாடிக்கு 50 முறை படம் காட்டும். ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் பிராசஸருக்குக் கிடைப்பது 69,888 கடிகாரத் துடிப்பு. நினைவகத்தில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் பைட்டுகளைக் கொத்தாக நகர்த்த இசட்80இல் ஒரு கட்டளை இருக்கிறது, எல்டிஐஆர், பைட்டுக்கு 21 துடிப்பு. 6,144 பைட் திரையை அதைக்கொண்டு நகர்த்தினால் 1,29,024 துடிப்பு. அதாவது வேறெதுவுமே செய்யாமல் திரையை ஒருமுறை நகலெடுப்பதற்கே கிட்டத்தட்ட இரண்டு படத்துக்கான நேரம் போய்விடுகிறது. போதாக்குறைக்கு, திரை இருக்கும் முதல் 16 கேபி ராமை யூஎல்ஏவும் படிக்கிறது, அது படிக்கும்போது பிராசஸர் கைகட்டி நிற்க வேண்டும். பிராசஸர் தற்காலிகமாக எதையாவது அடுக்கி வைத்து எடுக்கும் நினைவிடத்துக்கு ஸ்டாக் என்று பெயர், கெட்டிக்காரர்கள் அந்த ஸ்டாக்கைத் திரைமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு, தரவை இரண்டிரண்டு பைட்டாக புஷ் செய்து திரையை நிரப்பினார்கள். புஷ் செய்ய, அதாவது அடுக்க, 11 துடிப்பு, பாப் செய்ய, அதாவது எடுக்க, 10, இரண்டு பைட்டுக்குச் சேர்த்து 21. பாதியாகிவிட்டது! நடுவில் வேறு வேலைக்குக் கூப்பிடும் ஒரு இண்டரப்ட் வந்தால், பிராசஸர் திரும்பிப் போகும் முகவரியைத் திரைமேலேயே எழுதிவிடும், எனக்கு அப்படித்தான் வானத்தில் இரண்டு புள்ளி வந்து, நட்சத்திரம் என்று அரைமணி நேரம் நம்பிக்கொண்டிருந்தேன்.

இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு மேனிக் மைனர் விளையாட்டைத் திரும்பப் பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. மேத்யூ ஸ்மித் என்ற பதின்ம வயதுப் பையன் எழுதி 1983இல் பக்-பைட் நிறுவனம் வெளியிட்டது, 20 குகைகள். விளையாட்டு நடப்பது திரையின் மேல் மூன்றில் இரண்டு பங்கில் மட்டும். கீழே மீதி இருக்கும் காற்று, புள்ளிக் கணக்கு, உயிர்கள் என்று ஒரு பங்கை விட்டுவிட்டார். முன்பெல்லாம் அதை அழகுக்கான பட்டை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது எனக்குத் தெரிவது 6,144 பைட்டுக்குப் பதில் 4,096 பைட். இன்னொரு வேலையும் பார்த்திருக்கிறார். குகையில் எது தரை, எது சுவர், எது தொட்டால் சாகடிக்கும் செடி என்பதைத் தனி வரைபடமாக வைக்காமல், அந்தக் கட்டத்தின் நிற பைட்டைப் பார்த்தே தெரிந்துகொள்கிறார். எல்லோரும் திட்டிக்கொண்டிருந்த 768 பைட்டையே வரைபடமாக்கிவிட்டார். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

காமாலைக்கு மருந்து என்று பார்த்தால் அந்தக் காலத்தில் மூன்று வழி இருந்தது. ஒன்று, கண்டுகொள்ளாமல் விடுவது. பெரும்பாலான விளையாட்டுகள் அப்படித்தான், பழைய காலத்தைப் புகழ்கிறவர்கள் அவற்றை வசதியாக மறந்துவிடுவார்கள். இரண்டாவது, நிறத்தையே துறப்பது. அல்டிமேட் நிறுவனத்தின் நைட் லோர், 1984. சாய்கோணத்தில் முப்பரிமாண அறைகள், ஒரு பொருளுக்குப் பின்னால் ஆள் போனால் நிஜமாகவே மறைவான். ஒரு அறைக்கு ஒரே நிறம், அறை மாறினால்தான் நிறம் மாறும். ஒரே நிறம் என்றால் மோத ஆள் இல்லை. ஆனால் அறையில் பொருட்கள் அதிகமாகி எல்லாம் ஒரே நேரத்தில் அசைந்தால் விளையாட்டே மெதுவாகிவிடும், பெட்டி நகரும்போது ஆளும் ஏதோ தண்ணீருக்குள் நடப்பது போல நடப்பான். வாங்கியவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. அதற்குப் பிறகு சாய்கோண விளையாட்டுகளாக வந்து குவிந்தன.

மூன்றாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. டான் பிரீஸ்ட்லி என்று ஒருவர், ஆசிரியராக இருந்து நிரல் எழுத வந்தவர். 1985இல் பாப்பாய், 1986இல் தி ட்ராப் டோர். கட்டத்தோடு சண்டை போடாமல் கட்டத்துக்குள்ளேயே குடியிருந்துவிட்டார் மனிதர். உருவங்களைப் பெரிது பெரிதாக வரைந்தார், கட்டத்தின் எல்லையிலேயே உடம்பின் எல்லையும் வரும்படி வடிவமைத்தார். சின்ன உருவத்தில் ஒரு கட்டம் நிறம் மாறினால் ஆளே மாறிவிடுவான், திரையில் பாதி உயரம் இருக்கிறவனுக்கு ஒரு ஓரம் மாறினால் யார் கவனிக்கப் போகிறார்கள்? கார்ட்டூன் மாதிரியே இருக்கும். இன்றைக்குப் பார்த்தாலும் இது அந்த மெஷினா என்று தோன்றும்.

சரி, அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம். அதே 1982இல் கமடோர் 64 என்ற வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது, அமெரிக்காவில் 595 டாலர். கமடோர் நிறுவனம் எம்ஓஎஸ் டெக்னாலஜி என்ற சிப் தொழிற்சாலையையே கையில் வைத்திருந்தது, அதனால் சின்க்ளேர் கனவிலும் நினைக்க முடியாத விதத்தில் படத்துக்கு ஒரு சிப், ஒலிக்கு ஒரு சிப் என்று சொந்தமாகச் செய்து போட்டார்கள். படத்துக்கானது விக்-2. எட்டு ஸ்ப்ரைட், ஒவ்வொன்றும் 24க்கு 21 புள்ளி, 63 பைட். எங்கே வேண்டும் என்று இரண்டு எண்ணை எழுதினால் போதும், ஸ்ப்ரைட் அங்கே போய் நிற்கும், பின்னணியைத் தொடாது, அழிக்கவும் வேண்டாம், திரும்ப வரையவும் வேண்டாம். என் தென்னை மரப் பையனை அதில் எழுதியிருந்தால் அந்த ராத்திரியே தூங்கப் போயிருப்பேன்.

வேடிக்கை என்னவென்றால், கமடோரின் 320க்கு 200 பிக்சல் படத்திலும் எட்டுக்கு எட்டுக் கட்டத்துக்கு இரண்டு நிறம்தான், அதே கைலி! ஸ்ப்ரைட் தனியாக மேலே மிதப்பதால் யாருக்கும் தெரிவதில்லை. கட்டத்துக்கு நாலு நிறம் வேண்டுமென்றால் பிக்சலை அகலத்தில் இரண்டு மடங்காக்கி 160க்கு 200 ஆக்கிவிடுவார்கள். கமடோர் விளையாட்டுகளில் எல்லாமே செங்கல் அடுக்கினது போலக் குண்டு குண்டாக இருப்பதற்குக் காரணம் இதுதான், ஸ்பெக்ட்ரத்தில் கோடுகள் ஊசியால் கீறினது போலக் கூர்மையாக இருக்கும். எது நல்லது என்று இங்கிலாந்தில் பள்ளிக்கூட மைதானங்களில் ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது, நான் அதற்குள் போகவில்லை. (ஸ்பெக்ட்ரம்தான்.)

கமடோருக்கும் கஷ்டங்கள் இல்லாமல் இல்லை. பிராசஸர் ஏறக்குறைய ஒரு மெகாஹெர்ட்ஸ்தான். ஐரோப்பிய மாடலில் ஒரு படத்துக்கு 19,656 துடிப்புதான், அதிலும் எட்டு வரிக்கு ஒருமுறை விக்-2 நினைவகத்தைப் படிப்பதற்காக 40 துடிப்பைப் பிடுங்கிக்கொள்ளும். ஸ்ப்ரைட் எட்டுதானா என்றால், ஒரு வரியில் எட்டு. டிவியில் படம் மேலிருந்து கீழே வரையப்படுகிறது அல்லவா, மேலே ஒரு ஸ்ப்ரைட் வரைந்து முடிந்த உடனே அதே ஸ்ப்ரைட்டின் இடத்தை மாற்றி எழுதினால் கீழே இன்னொரு முறை வரும். நாடகத்தில் ஒரே ஆள் வேஷம் மாற்றி மாற்றி வருவது போல. எட்டு பேரை வைத்து இருபது முப்பது பேரைக் காட்டினார்கள், ஒரே வரியில் ஒன்பதாவது ஆள் வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதை எழுதும்போதுதான் ஒரு பழைய பாவம் நினைவுக்கு வருகிறது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவில் ஒரு கடையில் டிவி கேம் வைத்திருந்தார்கள், மணிக்கணக்கில் வாடகை. நிண்டெண்டோவின் ஃபேமிகாமைப் பார்த்துச் செய்த ஏதோ ஒரு பெயர் இல்லாத பெட்டி. எதிரிகள் வரிசையாக வந்தால் சிலர் மினுக் மினுக்கென்று மறைந்து மறைந்து தெரிவார்கள். கேசட் லூஸ் என்று முடிவுகட்டி, அதைக் கழற்றி வாயால் ஊதி ஊதிப் போடுவோம், கடைக்காரரிடம் திட்டும் வாங்குவோம். கேசட் மேல் ஒரு குற்றமும் இல்லை. அந்தப் படச் சிப் மொத்தம் 64 ஸ்ப்ரைட் வைத்துக்கொள்ளும், ஆனால் ஒரு வரியில் எட்டுக்கு மேல் வரையாது. ஒன்பதாவது ஆள் ஒரேயடியாகக் காணாமல் போய்விடக் கூடாதே என்று, ஒவ்வொரு படத்துக்கும் வரிசையை மாற்றி ஆளாளுக்கு முறை வைத்து மறைய விட்டார்கள் நிரல் எழுதியவர்கள். அந்த மினுக்கல் ஒரு கருணை. நாங்கள் ஊதிக்கொண்டிருந்தோம்.

அதிக நிறம் கொடுத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு ஆம்ஸ்ட்ராட் சிபிசி 464 என்ற கம்ப்யூட்டர் ஒரு நல்ல பதில். 1984இல் வந்தது. திரைக்கு மட்டும் 16 கேபி, பிக்சலுக்குப் பிக்சல் நிறம், காமாலையே கிடையாது, 27 நிறத்திலிருந்து 16ஐத் தேர்ந்தெடுக்கலாம். பிராசஸர்? அதே இசட்80, கொஞ்சம்தான் வேகம் அதிகம். ஸ்ப்ரைட் வசதி இதிலும் இல்லை. அதாவது ஸ்பெக்ட்ரம் தள்ளிய 6 கேபிக்குப் பதிலாக 16 கேபி தள்ள வேண்டும், அநேகமாக அதே கையால். நேரம் கொடுத்து ஒழுங்காக எழுதியவர்கள் அருமையாக எழுதினார்கள். அவசரத்தில் இருந்தவர்கள் ஸ்பெக்ட்ரம் விளையாட்டை அப்படியே எடுத்து நாலு நிறத்தில் மாற்றிப் போட்டு, அது ஸ்பெக்ட்ரத்தைவிட மெதுவாக ஓட, வாங்கியவர்கள் வயிறெரிந்தார்கள்.

பிபிசி மைக்ரோ இன்னொரு கதை. 1984-85இல் நம் நாட்டுப் பள்ளிகளுக்குக் கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் வந்ததே, அதே மெஷின். 32 கேபி ராம், நல்ல வண்ணத் திரை வேண்டுமென்றால் அதில் 20 கேபி திரைக்கே போய்விடும். அதில்தான் 1984இல் டேவிட் பிராபெனும் இயான் பெல்லும் எலைட் என்ற விண்வெளி விளையாட்டை எழுதினார்கள், எட்டு விண்மீன் மண்டலம், மண்டலத்துக்கு 256 கோள். திரையின் மேல்பகுதி நிறமே இல்லாத கூர்மையான முறையில், கோடுகளால் ஆன கப்பல்களுக்காக. கீழே ராடார் இருக்கும் பகுதி நாலு நிற முறையில். படம் பாதி வரைந்துகொண்டிருக்கும்போதே திரையின் முறையை மாற்றிவிடுகிறார்கள், ஒவ்வொரு படத்துக்கும், விளையாட்டு முடியும்வரை. எங்கே நிறம் அவசியமோ அங்கே மட்டும் நிறத்துக்குச் செலவு.

இனி சத்தம். இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன், படத்திலேயே இவ்வளவு நேரம் ஓடிவிட்டது.

ஸ்பெக்ட்ரத்தின் ஒலி வசதி என்பது ஒரு பிட். ஒரே பிட்! 254 என்ற போர்ட்டுக்கு ஒரு பைட் எழுதினால், அதில் மூன்று பிட் திரையைச் சுற்றியுள்ள பார்டரின் நிறம், ஒன்று டேப்புக்கு, இன்னொன்று ஸ்பீக்கருக்கு. அந்த பிட் 1 என்றால் ஸ்பீக்கர் முன்னால், 0 என்றால் பின்னால், நடுவில் ஒன்றும் இல்லை. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. 440 ஹெர்ட்ஸ் சுருதி வேண்டுமென்றால், பிராசஸர் ஏறக்குறைய 3,977 துடிப்புக்கு ஒருமுறை அந்த பிட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடைவெளி சீராக இல்லாவிட்டால் சுருதி கரகரக்கும். மெஷினோடு வரும் பேசிக் என்ற நிரல்மொழியில் பீப் என்று ஒரு கட்டளை இருக்கிறது, அது முடிகிறவரை கம்ப்யூட்டர் வேறொன்றும் செய்யாது. ஒலிக்கு எழுதும் நிரலை முதல் 16 கேபிக்குள் வைத்தால் யூஎல்ஏ இடையிடையே நிறுத்துவதால் அதுவும் கரகரக்கும், மேலே கொண்டுபோய் வைக்க வேண்டும். இதைத் தெரியாமல் நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை செலவழித்தேன்.

ஆக, பாட்டு வேண்டுமா, ஆட்டம் வேண்டுமா? இரண்டும் ஒரே பிராசஸர். அதனால்தான் ஸ்பெக்ட்ரம் விளையாட்டுகளில் முகப்புத் திரையில் மட்டும் பாட்டு, ஆட்டம் தொடங்கினால் டிக் டிக். மேனிக் மைனரில் ஸ்மித் அதையும் மீறி ஆட்டத்துக்கு நடுவிலேயே பாட்டு வைத்தார், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு கிள்ளு நேரம் ஸ்பீக்கருக்கு ஒதுக்கி. நோர்வே இசையமைப்பாளர் கிரீக்கின் மெட்டுதான், ஆனால் டின்னுக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல இருக்கும். அப்புறம் டிம் ஃபாலின் வந்தார். 1987இல் வந்த குரோனோஸ் விளையாட்டின் முகப்புப் பாட்டைக் கேளுங்கள். ஒரு பிட்டில் பல குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும்! ஒவ்வொரு குரலுக்கும் மிகக் குறுகிய துடிப்புகளாகக் கொடுத்து, வேக வேகமாக மாற்றி மாற்றி, காதை ஏமாற்றுகிறார். அந்த நேரத்தில் பிராசஸர் மூச்சுவிடக்கூட நேரமில்லாமல் பிட்டைத் திருப்பிக்கொண்டிருக்கும், திரையில் ஒன்றும் அசையாது, அதனால் என்ன. அதற்கு முந்தின வருடம், 1986இல், இங்கிலாந்தில் விற்ற 128 கேபி மாடலில் ஏஒய்-3-8912 என்ற மூன்று குரல் ஒலிச் சிப் வந்தது. ஒழுங்கான சிப்தான், ஆனால் அந்த ஒரு பிட் பித்துக்குளித்தனம் அதில் இல்லை என்பது என் கட்சி.

கமடோரில் ஒலிக்கு சிட் என்ற சிப். வடிவமைத்தவர் பாப் யானெஸ், சிந்தசைசர் பைத்தியம், பின்னால் என்சோனிக் என்ற இசைக்கருவி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். விளையாட்டு மெஷினுக்கு ஒலிச் சிப் செய் என்றால் அவர் ஒரு சிந்தசைசரையே செய்து கொடுத்துவிட்டார். மூன்று குரல், ஒவ்வொன்றுக்கும் முக்கோண அலை, ரம்ப அலை, துடிப்பலை, இரைச்சல் என்று நாலு வகை, ஒலி எப்படி எழுந்து எப்படித் தேய வேண்டும் என்று தனித்தனியே சொல்லலாம், அதற்கு மேல் ஒரு ஃபில்டர். மூன்றே குரல் என்பதால் ஒன்று பேஸுக்கு, ஒன்று மெட்டுக்குப் போனால் மிச்சம் ஒன்றுதான். அந்த ஒன்றில் மூன்று சுரத்தை எப்படி வைப்பது? விநாடிக்கு 50 முறை சுரத்தை மாற்று, ச-க-ப-ச-க-ப என்று. தனித்தனியாகக் கேட்காது, குமிழி விட்டது போல ஒரு சேர்ந்திசையாகக் கேட்கும். ராப் ஹப்பர்ட், மார்ட்டின் கால்வே போன்றவர்களின் பாட்டுகளில் வரும் அந்தக் குறுகுறுப்பு இதுதான். இன்றைக்குப் பழைய விளையாட்டு பாணி என்று யாராவது இசை போட்டால், குரலுக்குப் பஞ்சமே இல்லாத கம்ப்யூட்டரில் உட்கார்ந்துகொண்டு இதே குறுகுறுப்பைத்தான் போடுகிறார்கள்.

சிட்டின் பிழை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 6581 என்ற அந்த முதல் சிப்பில் வால்யூமை மாற்றினாலே, ஒரு குரலும் ஒலிக்காதபோதுகூட, ஸ்பீக்கரில் ஒரு 'டக்' கேட்கும். மின்னழுத்தத்தில் ஒரு சின்ன கோணல். யாரோ அதைக் கவனித்து, வால்யூமை விநாடிக்குச் சில ஆயிரம் முறை மாற்றினால் அந்த 'டக்'குகளே ஒலிப்பதிவாகிவிடும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். வால்யூம் நாலு பிட், ஆக நாலு பிட் ஒலிப்பதிவு. மேளம், மனிதக் குரல் எல்லாம் வந்தது, இல்லாத நாலாவது குரல் பிழையிலிருந்து பிறந்தது. அப்புறம் கமடோர் பொறியாளர்கள் 8580 என்று புதிய சிப் செய்தார்கள், கோணலை நேர்மையாகச் சரிசெய்தார்கள். புது மெஷின் வாங்கியவர்கள் பழைய விளையாட்டைப் போட்டால் மேளச் சத்தம் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல மங்கிவிட்டது! பழைய பிழை திரும்ப வேண்டும் என்று ஒரு ரெசிஸ்டரைச் சால்டர் பண்ணி வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 6581இன் ஃபில்டர்கூட சிப்புக்குச் சிப் மாறும், ஒரே பாட்டு பக்கத்து வீட்டில் வேறு மாதிரி கேட்கும்.

என் பையன் கதைக்கு வருகிறேன். நைட் லோர் வழியைப் பிடித்தேன். இரவை எடுத்துவிட்டு அந்தி நேரமாக்கினேன், வானம் முழுக்க மஞ்சள், பையன் கறுப்பு, தென்னை மரமும் கறுப்பு. நிழலுருவம் என்று சொல்லிச் சமாளித்தாயிற்று, காமாலை போய்விட்டது. ஓலை மட்டும் பச்சை, ஆசைக்காக. பாட்டு முயற்சி ஒத்துவரவில்லை. ஆட்டத்துக்கு நடுவே அந்த ஒரு பிட்டில் நான் என்ன வாசித்தாலும் கரகரவென்று காக்கா கத்துவது போலவே இருந்தது. மூன்று ராத்திரி போராடிவிட்டு, சரி காக்காவே இருக்கட்டும் என்று ஒரு காக்காவை வரைந்து, மரத்தைச் சுற்றிப் பறக்கவிட்டு, அது கத்தும்போதெல்லாம் அந்தச் சத்தம் வரும்படி வைத்தேன்.

மகளைக் கூப்பிட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தாள். பையன் ஏறினான், நிறம் மாறவில்லை. காக்கா கரைந்துகொண்டே மஞ்சள் வானத்தில் கறுப்பாகப் பறந்து வந்து ஓலைக்குள் நுழைந்தது. நுழைந்ததும் மூக்கு முதல் வால் வரை பச்சையாகிவிட்டது.

"காக்கா இல்லப்பா, கிளி" என்றாள்.